கூச்சமுள்ள பிள்ளையும் விற்பனை உத்தியோகமும்

விற்பனைப் பிரதிநிதி என்றால், கொழும்பிலிருந்து தோற்பையுடன் வந்திறங்கி, கடை முதலாளியுடன் நாலு வார்த்தை சிரித்துப் பேசி, ஓடர் எழுதிக்கொண்டு மாலை வண்டியிற் திரும்பிப் போய்விடும் ஒருவர் என்ற எண்ணமே முன்னொரு காலத்தில் எமது ஊர்களில் இருந்தது. அந்த வேலை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வரும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. படித்த பிள்ளை இலிகிதராவான், ஆசிரியனாவான், கெட்டித்தனம் இருந்தால் வைத்தியனோ எந்திரியோ ஆவான். இவற்றுக்கு வெளியே உள்ளதெல்லாம் உத்தியோகமே அல்ல என்பது எழுதாத சட்டம். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்து ஏ-9 பாதை திறக்கப்பட்டபின் இந்நிலை மாறிவிட்டது. வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் கைத்தொலைபேசிக் கம்பனிகளும், பிஸ்கற்று, சவர்க்காரம், பால்மா விற்போரும் வடக்கிலே கிளை பரப்பினர். அவர்கள் எல்லோருக்கும் முதலில் வேண்டியிருந்தது, தமிழிற் பேசி விற்கக்கூடிய இளைஞரே.

ஆகவே இப்போது கேள்வி வேறு விதமாக எழுகின்றது. வேலை தேடி வருகின்றது. பிள்ளை அதற்கு ஏற்றவனா என்பதே வீடுகளிற் பேச்சு.

வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் இப்பகுதிக்கு எழுதியுள்ள கடிதத்தின் சாரத்தைக் கீழே தருகின்றேன். மகனுக்கு வயது இருபத்து மூன்று. வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. கணக்கியலில் ஒரு டிப்ளோமா முடித்திருக்கிறான். தகப்பனார் பாரிசவாதத்தாற் படுக்கையில். தங்கை ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள். பிஸ்கற்றுக் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக நியமனம் கிடைத்திருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிள்ளையோ மெத்தக் கூச்சமுள்ளவன். வீட்டுக்கு விருந்தாளி வந்தாற் பின்வளவுக்குப் போய்விடுவான். தொலைபேசி அடித்தால் அது ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்பான். முன்னர் ஒரு வங்கி நேர்முகப் பரீட்சைக்குப் போய், வாசல் வரை சென்று திரும்பி வந்தவன். இந்த வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வந்தபடியால், நேர்முகத்தில் அதிகம் கேளாமல் எடுத்துவிட்டார்களாம். "அனுப்பினாற் பிள்ளை வாடிவிடுவானோ, அனுப்பாவிட்டால் இப்படியே இருந்துவிடுவானோ என்று நித்திரையில்லை" என எழுதுகிறார் அந்த அம்மையார்.

கடிதத்தை எழுதியவர் மகன் அல்லர், தாயார் என்பதையும் வாசகர் கவனித்திருப்பர்.

எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்: பிள்ளை இந்த வேலையை ஏற்கலாம். கூச்சம் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக இதனை மறுத்தல் கூடாது. ஆனால் 'இந்த வேலையை' என்று சொன்னதிற் பொருள் உண்டு. விற்பனை என்ற பெயரில் நடப்பவை யாவற்றையும் நான் சொல்லவில்லை. அதனைப் பின்னர் விளக்குவேன்.

திருவள்ளுவர் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரமும் 'அவையஞ்சாமை' என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் பொருட்பாலிலேதான் உள்ளன. நாணம் உடையனாதலும் வேண்டும், அவைக்கு அஞ்சாதவனாதலும் வேண்டும் என்றால் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. நாணம் என்பது பழி தரும் செயலுக்குப் பின்னிற்றல். அவையச்சம் என்பது மனிதரைக் கண்டு பின்னிற்றல். எமது வீடுகளில் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டோம். பத்து வயதுப் பிள்ளை பெரியவர் முன்னே வாய் திறவாமல் நின்றால் "என்ன அடக்கமான பிள்ளை!" என்று மெச்சுகிறோம். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுகின்றனர். ரியூட்டரியிலோ முந்நூறு பேர் வாங்குகளில் நெருங்கியிருந்து, ஒருவரும் ஒரு கேள்வியும் கேளாமல் இரண்டு வருடத்தைக் கழிக்கின்றனர். இப்படியாக இருபது வருடம் மௌனத்துக்குப் புள்ளி கொடுத்துவிட்டு, இருபத்தோராம் வருடத்தில் "இவன் ஏன் நாலு பேருடன் பேசுகிறானில்லை?" என்று வியப்பதிலே நியாயம் இல்லை.

இப்பிள்ளைகள் தம்மைப் போல உலகில் வேறெவரும் இல்லை என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1970களிற் பிலிப் சிம்பார்டோ என்னும் மனோதத்துவப் பேராசிரியர் ஆயிரக்கணக்கானோரிடம் விசாரித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேரளவில் தம்மைக் கூச்சமுடையோர் என்றே சொன்னார்கள். வாயாடிகளின் நாடு என்று நாம் நினைக்கும் அமெரிக்காவிலேயே கணக்கு இதுவானால், எம் நாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கூச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தாற் பாதிப் பாரம் குறையும். 1995ஆம் ஆண்டில் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர் இதனைத் தெளிவாக விளக்கினர். கூச்சமுடையவன் ஒருவர் முன்னே நிற்கும்போது அவனது கவனம் எதிரே நிற்பவரிடம் இருப்பதில்லை, தன்னிடமே திரும்பிவிடுகிறது. நெஞ்சு அடிக்கிறதே, குரல் நடுங்குகிறதே, முகம் சிவக்கிறதே என்று உள்ளே பார்த்துக்கொண்டு, அந்த உணர்ச்சிகளையே சான்றாகக் கொண்டு தான் எப்படித் தோன்றுகிறேன் என்று ஒரு படம் வரைகிறான். அந்தப் படம் எப்போதும் அவலட்சணமாகவே இருக்கும். அதை மறைக்க உபாயங்கள் செய்கிறான்: கண்ணைப் பாராது நிலத்தைப் பார்த்தல், அடுத்த வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தல், கையிலுள்ள பேனையை இறுகப் பிடித்தல். இவற்றாற் கேள்வி காதில் விழாது போகிறது, பதிலும் பிழைக்கிறது. எதிரே நிற்பவர் "இவர் என்ன, நான் சொல்வதைக் கவனியாமல் நிற்கிறார்" என்று முகஞ்சுளித்தால், அதுவே தன் அவலட்சணத்துக்குச் சாட்சி என்று அவன் எடுத்துக்கொள்கிறான்.

உண்மையில் உலகம் எங்களை அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டிற் பிரசுரமான ஒரு பரிசோதனையை இங்கே சொல்லவேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச்சும் தோழர்களும், மாணவர் சிலரை, அணிய வெட்கப்படக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட மேற்சட்டையுடன், ஏனையோர் இருந்த அறைக்குள் அனுப்பினர். அறையிலிருந்தோரிற் பாதிப்பேர் அப்படத்தைக் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டனர். விசாரித்தபோது, கவனித்தவர் கால்வாசிப் பேரளவிலேதான் இருந்தனர்.

நெல்லியடிச் சந்தியிற் பலசரக்குக் கடை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணி. ஒருவர் சீனி கேட்கிறார். ஒருவர் கடனுக்கு அரிசி கேட்கிறார். லொறியிலிருந்து வெங்காயம் இறங்குகிறது. மின்சாரச் சபைக் கட்டணத்துக்கு இன்றே கடைசி நாள். இந்த நேரத்தில் உள்ளே வரும் பிரதிநிதியின் விரல் நடுங்குகிறதா என்று பார்க்க அவருக்கு ஏது பொழுது? போன கிழமை உடைந்து வந்த பெட்டிக்கு மாற்றுத் தருவார்களா என்பதே அவர் கவலை.

கூச்சத்தை வளர்ப்பது எது என்றால், விலகிப் போதல். கடை வாசலில் ஆட்கள் நிற்கக் கண்டு "பிறகு வருவோம்" என்று பிள்ளை திரும்பிவிட்டால் நெஞ்சு உடனே இளகுகிறது. அந்த இளக்கம் இனிப்பைப் போன்றது. அடுத்த முறையும் திரும்பச் சொல்லும். உள்ளே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதோ அவனுக்கு என்றும் தெரியாமலே போய்விடுகிறது. வங்கி வாசலிலிருந்து திரும்பிய அன்று நடந்தது இதுதான். தொலைபேசியை ஓயவிடும் ஒவ்வொரு முறையும் நடப்பதும் இதுதான். மாறாக, அச்சத்தோடேயே உள்ளே போய் அங்கே நின்றாற் சில நிமிடங்களில் நெஞ்சடிப்புத் தானாகவே தணியும். உடம்பு அவ்வாறு அமைந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய ஒரு சிறு பிள்ளையின் பயத்தைப் போக்கிய முறையை எழுதி வெளியிட்டார். பிள்ளை தனக்குப் பிடித்த உணவை உண்ணும்போது முயலைக் கூட்டோடு தூரத்தில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியிற் பிள்ளை முயலைத் தடவி விளையாடியது. இன்று வைத்தியர்கள் செய்வதும் அடிப்படையில் இதுவே. முயலைப் பார்க்காமலே வளர்ந்திருந்தால் அப்பிள்ளை முயலுக்கு அஞ்சும் மனிதனாகவே ஆகியிருக்கும்.

இனி, வேலையைப் பார்ப்போம். பிஸ்கற்றுக் கம்பனிப் பிரதிநிதி மேடைப் பேச்சாளன் அல்லன். அவனுக்கென்று ஒரு வழித்தடம் வகுத்திருப்பார்கள்: திங்கள் பருத்தித்துறை, செவ்வாய் நெல்லியடி, புதன் அச்சுவேலி என்றவாறு. ஒவ்வொரு கடையிலும் அவன் செய்வது ஏறக்குறைய ஒன்றே. தட்டில் எத்தனை பெட்டி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணல், திகதி முடியப்போவதைப் பிரித்தெடுத்தல், புதிய ஓடர் எழுதுதல், சென்ற முறைக் கடனை வசூலித்தல், தன் கம்பனிப் பொருளைக் கண்ணிற் படும் இடத்தில் அடுக்கிவிடல். இவற்றிலே பேச்சு எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். கணக்கியல் படித்து எழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு இதில் அன்னியமானது எது? வாய்ச் சாலகம் மிகுந்தவன் ஒரு முறை பத்துப் பெட்டியைத் தலையிற் கட்டிவிட்டுப் போவான். அது விற்காமற் கிடந்தால் அடுத்த கிழமை கடைக்காரர் முகம் கொடுக்கமாட்டார். "அண்ணை, போன முறை ஆறு பெட்டிதான் போயிருக்கு, இந்த முறையும் ஆறே காணும்" என்று கொப்பியைப் பார்த்துச் சொல்பவனைக் கடைக்காரர் நம்புவார்.

இங்கே இன்னொரு விசேஷமும் உண்டு. கூச்சமுடையோருக்கு முதற் சந்திப்பே கண்டம். பழகிய முகத்தின் முன் அவர்களும் மற்றவர் போலவே பேசுவர். வழித்தட விற்பனையிலே அதே கடைக்கு, அதே மனிதரிடம், கிழமைக்குக் கிழமை போகிறான். மூன்றாம் மாதத்தில் அங்கே புதுமனிதர் இல்லை. 'தம்பி, ரீ குடிச்சிட்டுப் போ' என்று சொல்பவர்களே இருப்பர்.

விற்பனைக்குக் கலகலப்பான சுபாவம் அவசியம் என்ற நம்பிக்கையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1991இல் பாரிக், மவுன்ற் என்னும் இருவர் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, விற்பனைத் தொழிலிற் கலகலப்பு ஓரளவு உதவுவது உண்மையே என்றும், ஆனால் கடமையில் ஒழுங்கும் பொறுப்பும் எல்லாத் தொழிலிலும், விற்பனை உட்பட, உதவுகின்றன என்றும் கண்டனர். 2013இல் அடம் கிராண்ட் என்பவர் தொலைபேசி மூலம் விற்கும் ஊழியர் 340 பேரின் மூன்று மாத வருமானத்தை அவர்களின் சுபாவத்தோடு ஒப்பிட்டார். அதிகம் விற்றோர் மிகக் கலகலப்பானவருமல்லர், மிக ஒடுங்கியவருமல்லர், நடுவில் நின்றவர்களே. இதிலே ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: முற்றாக ஒடுங்கியிருந்தாலும் விற்பனை நடவாது. ஆயினும் பிள்ளை கடக்கவேண்டிய தூரம் நடுவரைதான். மறுகரை வரை அல்ல.

விற்கும் திறமை பிறப்போடு வருவது என்பாரும் உளர். அவர்களுக்குச் சிலப்பதிகாரத்தை ஞாபகப்படுத்துவேன். கோவலன் புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். வணிகத்திலே பிறந்து வணிகத்திலே வளர்ந்தவன், மதுரையில் ஒற்றைச் சிலம்பை விற்கப் போய், விலை விசாரிக்காமல், ஆளை விசாரிக்காமல், எதிர்ப்பட்ட முதற் பொற்கொல்லனிடமே அதைக் காட்டினான். வந்த வினை யாவரும் அறிந்ததே. ஊழ்வினை என்று இளங்கோவடிகள் சொல்கிறார். அதை நான் மறுக்கவில்லை.

எல்லா விற்பனையும் ஒன்றல்ல என்றேன். நாள்தோறும் முன்பின் அறியாதவரைத் தொலைபேசியில் அழைத்து விற்கும் வேலை, வீடு வீடாகத் தட்டி நீர்வடிகட்டி விற்கும் வேலை ஆகியவற்றில் ஒவ்வொரு நாளும் முதல் நாளே. கூச்சம் மிகுந்தவன் அவற்றிலே தொடங்குவது, நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில் இறக்குவது போலாகும். ஆயுட் காப்புறுதி வேறு வகை. அதிலே முதல் ஆறு மாதமும் பெரும்பாலும் மாமா, மாமி, பழைய ஆசிரியர், அயலவர் என்று உறவுக்குள்ளேயே விற்கச் சொல்வர். அது முடிந்தபின்னர் எவரிடம் போவது என்று தெரியாமல் விலகுவோரே அதிகம். உறவினர் வீட்டுக்குப் போனால் "பொலிசிக்குத்தான் வந்தவன்" என்று கதவு சாத்தப்படும் நிலை, ஏற்கெனவே ஒதுங்கி வாழும் பிள்ளையை இன்னும் ஒதுக்கிவிடும். துணிக்கடை, மருந்துக்கடை, கைத்தொலைபேசி நிலையம் என்பவற்றில் வாங்குவோர் தாமே தேடி வருகின்றனர். அந்த வகை விற்பனை கூச்சமுடைய ஆண் பெண் இருபாலாருக்கும் நல்ல தொடக்கம்.

இதனினும் முக்கியமான ஒன்றை இளைஞர் தமக்குள்ளேயே விசாரிக்கவேண்டும். தயங்குவது கூச்சமா, மனச்சாட்சியா? பரீட்சிக்க ஒரு வழி சொல்வேன். இதே பொருளை இதே வீட்டுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொன்னாற் கதவைத் தட்டுவேனா என்று கேட்டுப் பார்க்க. அப்போதும் கால் பின்வாங்கினால் அது மனிதருக்கு அஞ்சும் கூச்சம், பழக்கத்தாற் போகும். இலவசமென்றாற் தயக்கமின்றித் தட்டுவேன், காசு வாங்கத்தான் மனமில்லை என்று பதில் வந்தால், பொருளிலோ விலையிலோ பிள்ளைக்கு நம்பிக்கை இல்லை என்பதே அர்த்தம். அதைக் கூச்சமென்று எண்ணி அடக்கிவிடலாகாது. வள்ளுவர் சொன்ன நாணம் அதுவாக இருக்கலாம். யுத்தத்துக்குப்பின் வடக்குக் கிழக்கிலே நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாகக் கடன் விற்ற கதையை நாம் மறக்கவில்லை. வருமானமில்லாத பெண்களின் தலையிலே கிழமைத் தவணைகள் ஏறின. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபாவரையான கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்று நீக்கவேண்டி வந்தது. அக்கடன்களை விற்றுத் திரிந்தோரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே. அவர்களிற் சிலர் கதவைத் தட்டத் தயங்கியிருந்தால், அந்தத் தயக்கத்தைப் போக்க நான் மருந்து சொல்லமாட்டேன். பிஸ்கற்றில் இந்த ஆபத்து இல்லை. பசித்தவன் வாங்குவான், மற்றவன் விடுவான்.

அடுத்து நியமனக் கடிதம். பேசக் கூசும் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கூசியே ஏமாறுகின்றனர். ஆகையாற் கேட்கவேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். நியமனம் தருபவர் கம்பனியா, அல்லது பிரதேச விநியோகஸ்தரா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தரகு எவ்வளவு? 'ராகெற்' என்று சொல்லும் மாத இலக்குத் தவறினால் அடிப்படைச் சம்பளத்திற் கை வைப்பார்களா? மோட்டார் சைக்கிள் யாருடையது, பெற்றோல் யாருடைய செலவு? கடைக்காரர் கொடுத்த பிற்திகதியிட்ட காசோலை திரும்பினால் அந்த நட்டம் யார் தலையில்? கடைசிக் கேள்வி மிக முக்கியம்; இலக்கை எட்டுவதற்காகக் கண்டவருக்கும் கடன் கொடுத்துவிட்டுச் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டிய பிள்ளைகள் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 3. இவை சட்டம், சலுகை அல்ல. கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். வேலையிற் சேர முன்னர் பணம் கட்டச் சொல்பவர்களிடமும், மேலும் மூவரைச் சேர்த்தால் இலாபம் என்பவர்களிடமும் போகவே வேண்டாம். பிரமிட் முறைத் திட்டங்கள் இந்நாட்டு வங்கிச் சட்டத்தாற் தடை செய்யப்பட்டவை.

எல்லாக் கூச்சமும் பழக்கத்தால் மாத்திரம் தீராது என்பதையும் சொல்லவேண்டும். பல மாதங்களாக மனிதரைச் சந்திக்கும் பயத்தாற் பரீட்சை தவறுதல், வேலை தவறுதல், நண்பர் எவருமின்றிப் போதல், அடுத்த நாட் சந்திப்பை எண்ணி இரவெல்லாம் விழித்திருத்தல் என்ற அளவுக்குப் போனால் அது நோய். 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கைந்நூல் இதனைத் தனியொரு நோயாகப் பதிவு செய்தது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்குவது, மாற்றக்கூடியது. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாகத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையே இதற்கு முதற் சிகிச்சையாகக் கொள்ளப்படுகிறது. வேண்டுமானால் மருந்தும் உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைத்தும் பேசலாம். தொலைபேசிக்கு அஞ்சுபவரைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்வது சற்று வேடிக்கைதான்; நேரே வைத்தியசாலைக்குப் போதல் இலகு. 'ஊர் என்ன சொல்லும், நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது தடையாகுமே' என்று பெற்றார் தயங்குவதை அறிவேன். நீரிழிவுக்குக் கிளினிக் போவதை ஒளிப்பதில்லை, இதுவும் அப்படியே.

வங்கி வாசலிலிருந்து திரும்பிய அந்தத் தம்பியின் நிலை எப்பக்கம் என்று கடிதத்தைக் கொண்டு என்னால் தீர்மானிக்க இயலாது. வேலையை ஏற்றுக்கொண்டே ஒருமுறை வைத்தியரையும் பார்த்துவிடுவது நல்லது. ஒன்று மற்றதற்குத் தடையல்ல. கூச்சத்தைக் கெடுக்கக் குடிக்கப் பழகுவோர் மாத்திரம் வழி தவறியவர். விற்பனைத் தொழிலிலே மாலைக் கூட்டங்களும் விருந்துகளும் உண்டு. 'ஒரு கிளாஸ் எடுத்தாற் பேச்சு வரும்' என்று சொல்லிக் கொடுக்க நண்பரும் உண்டு. அந்தப் பேச்சு கிளாஸின் பேச்சு. அது இல்லாத காலையில் வாய் முன்னிலும் இறுகிக்கொள்ளும்.

வேலை தொடங்க இன்னும் சில கிழமை இருக்குமானால் தம்பி இப்படிச் செய்து பார்க்கலாம். முதற் கிழமையில், நாளுக்கு ஒரு கடைக்குப் போய் ஏதாவதொன்றின் விலையை மாத்திரம் விசாரித்து, வாங்காமலே நன்றி சொல்லித் திரும்புக. வாங்காமல் திரும்புவதில்தான் பயிற்சி இருக்கிறது. இரண்டாம் கிழமையில், தபாற் கந்தோரிலோ பிரதேச செயலகத்திலோ கரும பீடத்துக்குப் போய் ஒரு விபரம் கேட்க. மூன்றாம் கிழமையில், வீட்டுத் தொலைபேசி அழைப்புகளை எல்லாம் தானே எடுக்க. கடைசியாக, தான் போகவிருக்கும் வழித்தடத்தில் இப்போது வேலை செய்யும் பிரதிநிதியிடம் கேட்டு ஒரு நாள் அவரோடு கூடவே போய்ப் பார்க்க. கடைக்குள் நிற்கும்போது நெஞ்சைக் கவனியாது தட்டைக் கவனிக்க. எத்தனை பெட்டி, எந்தத் திகதி என்று எண்ணத் தொடங்கினாற் கவனம் வெளியே வந்துவிடும். முதல் வாக்கியம் ஒன்றை மாத்திரம் பாடமாக்கினாற் போதும்: "வணக்கம் அண்ணை, இனி இந்தப் பகுதிக்கு நான்தான் வருவேன்." மற்றதைக் கடைக்காரர் கேட்பார். எடுத்த எடுப்பிலே வேண்டாம் என்பவரும் இருப்பர். வேண்டாமென்று சொல்லப்பட்டது பிஸ்கற்று, தம்பி அல்ல.

சிங்களத்திற் கொஞ்சமாவது பேசப் பழகுவதும் இதே வேளையில் நடக்கட்டும். கூட்டங்கள் கொழும்பில் நடக்கும். பிழை விட்டுப் பேசுவதற்கு அது இன்னும் ஓர் இடம்.

வீட்டாருக்கும் வேலை இருக்கிறது. 'அவனுக்குக் கூச்சம்' என்று பிள்ளை முன்னிலையில் விருந்தாளிக்கு விளக்கம் கொடுப்பதை நிறுத்துக. அவனுக்கு வரும் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லலாகாது. மாலையில் வந்தவுடன் எத்தனை விற்றாய் என்று கேளாமற் சாப்பாட்டைக் கொடுக்க. சொல்ல விருப்பமானால் அவனே சொல்வான். ஆறு மாதம் என்று ஒரு தவணை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு மோசமான நாளை வைத்து விலகுவதில்லை என்று பேசிக்கொள்க. தவணை முடிந்தபின்னரும் ஒவ்வொரு காலையும் வயிற்றைப் பிசைந்துகொண்டுதான் புறப்படுகிறான் என்றால், அதே கம்பனியின் கணக்குப் பகுதிக்கு மாற்றம் கேட்கலாம். களத்தில் நின்றவன் கேட்கும் மாற்றத்துக்கு மதிப்பு அதிகம்.

வேலையை ஏற்பதாகக் கம்பனிக்கு அறிவிக்கும் தொலைபேசி அழைப்பை அம்மையார் எடுக்க வேண்டாம். எண்ணை அழுத்திக் கொடுக்கவும் வேண்டாம்.